வாடகை வீட்டில் குழாய்த் திருத்தம்: மாற்றுத்திறனாளி குடியிருந்தால் எதை முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும்?

"பாத்ரூம் தரையை உடைக்க வேணும். மூன்று நாளைக்குத் தண்ணி வராது. அதுவரைக்கும் உறவுக்காரர் வீட்டில போய் நில்லுங்கோ."

வாடகை வீட்டில் இருக்கும் எவருக்கும் என்றாவது ஒருநாள் வரக்கூடிய செய்திதான் இது. நடமாடக்கூடியவர் பக்கத்து வீட்டு மலசலகூடத்தைக் கேட்டுப் பாவிப்பார், கிணற்றடியில் குளிப்பார், எப்படியோ மூன்று நாளைக் கடத்திவிடுவார். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அப்படிக் கடத்த முடியாது. அவர் போகக்கூடிய மலசலகூடம் அந்த ஊரில் அந்த ஒன்றாக மட்டுமே இருக்கலாம். உறவுக்காரர் வீட்டு வாசலில் இரண்டு படி இருக்கும், மலசலகூடம் வளவின் பின்பக்கம் தனியாக இருக்கும், உள்ளே குந்தியிருக்கும் பேசின் இருக்கும்.

வன்னியில் இது அரிதாக வரும் சிக்கல் அல்ல. 2009இல் முடிந்த போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களும் கால் இழந்தவர்களும் இங்கே ஒவ்வொரு பிரதேசத்திலும் இருக்கிறார்கள். வைத்தியசாலைக்கோ பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கோ கிட்ட இருக்கவேண்டும் என்று வாடகைக்கு வருபவர்களும் அவர்களில் உண்டு. வீட்டுக்காரர் திருத்தத்தான் வேண்டும், குடியிருப்பவர் அதற்கு இடம் விடத்தான் வேண்டும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது இடையில் யார் எதைச் செய்வது என்பதில்தான் குழப்பம்.

முதலில், உடைவது எது?

வன்னியில் பெரும்பாலான வீடுகளில் கிணறு அல்லது குழாய்க் கிணற்றிலிருந்து மோட்டர் தண்ணீரை மேல் தாங்கிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து பிவிசி குழாய் வழியாகச் சமையலறைக்கும் குளியலறைக்கும் இறங்குகிறது. நகரப் பகுதிகள் சிலவற்றில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் இணைப்பு உண்டு. வவுனியா நகருக்குப் பேராற்று நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. சபை இணைப்பு உள்ள வீட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீற்றருக்கு முன்னால் கசிந்தால் அது சபையின் வேலை, 1939 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். மீற்றருக்குப் பின்னால் என்றால் வீட்டுக்காரரின் வேலை.

நிலத்தடித் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் டெப்பின் உள்ளேயும் தாங்கியின் மிதவை வால்வுக்குள்ளும் படிகிறது. அதனால் இங்கே டெப்பும் சிஸ்டர்னும் அடிக்கடி பழுதாகும். ஆனால் எல்லாத் திருத்தமும் ஒரே மாதிரி இல்லை:

1. டெப், வால்வு, சிஸ்டர்ன் மாற்றுவது. சில மணி நேர வேலை.

2. சுவருக்குள்ளோ தரைக்கு அடியிலோ போகும் குழாய் வெடித்தது. உடைத்து, புதுக் குழாய் போட்டு, ஒட்டி, தண்ணீர் விட்டுப் பார்த்து, சீமெந்து பூசி, டைல் பதிக்க வேண்டும். பிவிசி கம் பிடித்து முழு அழுத்தம் தாங்க ஒரு நாள் விடுவது நல்லது. டைல் காய இன்னொரு நாள். ஆகவே இரண்டு, மூன்று நாள் என்பது நேர்மையான கணக்குத்தான்.

3. கொமட்டையே கழற்றுவது, கழிவுக் குழாய் மாற்றுவது, மலக்குழி நிரம்பித் திருத்துவது. இதுதான் நீளும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். அந்த நேரம் குழியைத் திறந்தால் வேலை எப்போது முடியும் என்று எந்த மேசனாலும் சொல்ல முடியாது. தள்ளிப்போடக்கூடிய குழி வேலையை வெயில் மாதங்களுக்குத் தள்ளுவதே புத்தி.

குடியிருப்பவர் பக்கமிருந்து பார்த்தால் இந்த வேலைகள் மூன்று வேறுவேறு விடயங்களைப் பறிக்கின்றன: தண்ணீரை, இடத்தை, பாதையை. முதலாவது வேலையில் தண்ணீர் மட்டும் நிற்கும். இரண்டாவதில் தண்ணீர் திரும்பி வந்தாலும் குளியலறைக்குள் போக முடியாது. மூன்றாவதில் மலசலகூடமே இல்லை. எல்லோரும் மறந்துவிடுவது பாதையைத்தான். வாசல் சாய்வுப் பாதையில் மணலைக் கொட்டுவார்கள், ஒடுக்கமான நடையில் டைல் பெட்டியை அடுக்குவார்கள், முற்றத்துக்குக் குறுக்கே குழாய்க்குக் கான் வெட்டுவார்கள். நடப்பவர் தாண்டிப் போய்விடுவார். நாற்காலியில் இருப்பவர் வீட்டுக்குள் அடைபட்டுவிடுவார்.

உடம்பு காத்திருக்காது

இந்தப் பகுதியை வீட்டுக்காரர்களும் மேசன்மாரும் வாசித்தால் நல்லது. "ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா?" என்று கேட்பவர்களிடம் பெரும்பாலும் கெட்ட மனசு இல்லை. உடம்பின் கணக்கு தெரியாமல்தான் கேட்கிறார்கள்.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட பலருக்குச் சிறுநீர் தானாக வெளியேறாது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் விட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், உறுப்பைச் சுத்தம் செய்ய வேண்டும், நல்ல வெளிச்சமும் மறைவான இடமும் வேண்டும். கை கழுவத் தண்ணீர் இல்லாமல் செய்தால் கிருமி உள்ளே போகும். பிறகு காய்ச்சல், வைத்தியசாலை, ஊசி.

மலம் கழிப்பதும் அப்படித்தான். நாளுக்கு ஒருமுறை அல்லது ஒன்றுவிட்டு ஒருநாள், குறித்த நேரத்தில், உடம்பைப் பழக்கி வைத்திருப்பார்கள். பலருக்கு அதற்கு ஒரு மணி நேரமளவு ஆகும். ஒரு தடவை தவறினால் மலம் இறுகும், அல்லது நினையாத நேரத்தில் போய்விடும். ஈரத்திலும் அழுக்கிலும் தோல் ஊறினால் படுக்கைப்புண் வரும். உணர்ச்சி இல்லாத இடத்தில் வரும் புண் வலிக்காது. தெரியவரும்போது ஆழமாகியிருக்கும், ஆற மாதக்கணக்கு எடுக்கலாம்.

மலசலகூடம் இல்லை என்றதும் பலர் செய்வது தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது. வெளியில் சொல்லமாட்டார்கள், வாயைக் கட்டிக்கொள்வார்கள். வன்னி வெயிலில் இது இரட்டைக் கேடு. சிறுநீர் செறிந்து தொற்று வரும், கல்லும் வரலாம்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே, அதாவது ஆறாவது நெஞ்சு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ வடம் பாதிக்கப்பட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியபடியே இருந்தால் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தலை பிளக்கிற மாதிரி வலி, முகம் சிவத்தல், மேலுடம்பில் வியர்வை இதன் அறிகுறிகள். உடனே நிமிர்த்தி இருத்த வேண்டும், இறுக்கமான உடுப்பைத் தளர்த்த வேண்டும், சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்துச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். குறையாவிட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இது உயிர் ஆபத்து. "தண்ணி நாளைக்கு வரும்" என்ற பதிலை ஏற்க முடியாததற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

சட்டம் எதுவரை வரும்?

பலர் நினைப்பதைவிடக் குறைவான தூரம்தான் வருகிறது. உண்மையை உண்மையாகவே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

1. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. வேலைக்கு எடுப்பதிலும் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. பொதுமக்கள் போகக்கூடிய கட்டடங்களில் இவர்களுக்கு மட்டும் தடையோ நிபந்தனையோ விதிக்கக் கூடாது என்கிறது. 2006இல் வந்த அணுகு வசதி ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களை மனத்தில் வைத்தவை. தனியார் வாடகை வீட்டின் குளியலறை இதற்குள் நேரடியாக வராது.

2. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. "நியாயமான இசைவு ஏற்பாடு" என்ற கருத்து அதில்தான் தெளிவாக இருக்கிறது: ஒருவர் மற்றவர்களைப் போலத் தன் உரிமையை அனுபவிக்கத் தேவையான மாற்றத்தை, மற்றத் தரப்புக்கு அளவுக்கு மீறிய சுமை இல்லாமல் செய்துகொடுப்பது. ஆனால் இலங்கையில் சர்வதேச உடன்படிக்கை ஒன்று உள்நாட்டுச் சட்டமாக்கப்படாமல் நீதிமன்றத்தில் நேரடியாக ஓடாது. அதைக் காட்டி ஒரு வீட்டுக்காரர்மேல் வழக்குப் போட முடியாது.

3. அடிப்படை உரிமை வழக்கு அரசின் செயலுக்கு எதிரானது. அரச விடுதியிலோ உள்ளூராட்சிச் சபைக்குச் சொந்தமான வீட்டிலோ இருப்பவருக்கு இது உதவலாம். ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. தனியார் வீட்டுக்கு இந்த வழி இல்லை.

4. மிஞ்சுவது பொதுவான வாடகைச் சட்டம், அதாவது உரோமன்-டச்சு வழிவந்த சட்டம். வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. அவசியமான திருத்தத்துக்கு இடம் விடுவது குடியிருப்பவரின் கடமை. வீட்டின் பயனைக் குறிப்பிடத்தக்க அளவு இழந்தால் அந்தக் காலத்துக்கு வாடகையைக் குறைக்கும்படி கேட்கலாம். ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தால் ஒப்பந்தம்தான் முன்னுக்கு நிற்கும்.

5. அந்த ஒப்பந்தமே பல வீடுகளில் இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் செல்லாது. வாய்ப்பேச்சில் எடுத்த வீடு சட்டத்தின் கண்ணில் மாதவாடகைதான். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பாதுகாப்புத் தரும், ஆனால் எல்லா இடத்துக்கும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுக்கொள்வது நல்லது. வருமானம் குறைந்தவருக்கு அங்கே காசு வாங்கமாட்டார்கள்.

என் கருத்தில் இது பெரிய ஓட்டை. கடைக்குள் சாய்வுப் பாதை வேண்டும் என்று சொல்லும் சட்டம், மனிதர் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் வீட்டைப் பற்றிப் பேசாமல் இருக்கிறது. அது திருத்தப்பட வேண்டும். அதுவரை, தரையை உடைக்குமுன் எழுதிக்கொள்ளும் உடன்பாடுதான் குடியிருப்பவரின் உண்மையான பாதுகாப்பு.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வரும் ஆலோசனை

இங்குள்ள குழப்பத்தில் பாதி இப்படித்தான் வருகிறது. "இங்க எண்டா வீட்டுக்காரன் ஹோட்டல் போட்டுத் தரவேணும், நீ வழக்குப் போடு" என்று அங்கிருந்து சொல்வார்கள். அங்குள்ள நிலைமை வேறு. அமெரிக்காவில் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தில் 1988இல் மாற்றுத்திறனாளிகள் சேர்க்கப்பட்டார்கள். பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இருக்கிறது. கனடாவின் ஒன்ராறியோவில் மனித உரிமைக் கோவை, தாங்கமுடியாத சுமை வரும்வரை இசைந்து கொடுக்கச் சொல்கிறது. அங்கும்கூட எல்லாம் வீட்டுக்காரர் தலையில் விழுவதில்லை. அமெரிக்காவில் தனியார் வீட்டின் கட்டமைப்பை மாற்றும் செலவு பொதுவாகக் குடியிருப்பவருடையது, வீட்டுக்காரர் மறுக்கக் கூடாது என்பதுதான் விதி. அந்தச் சட்டங்கள் எதுவும் இங்கே செல்லாது. ஆனால் அவை கேட்கும் கேள்வி இங்கேயும் பயன்படும்: இந்த ஆளுக்கு என்ன தேவை, அதைச் செய்ய எவ்வளவு பிடிக்கும், குறைந்த செலவில் வேறு வழி உண்டா?

வேலை தொடங்குமுன் பேச வேண்டியவை

1. எத்தனை நாள் என்று மட்டும் கேட்காதீர்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும், எத்தனை மணிக்கு வரும், மலசலகூடம் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை பாவிக்க முடியாது என்று கேளுங்கள். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை என்றால் பலரால் தங்கள் நேரத்தை அதற்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடியும்.

2. வேலையைத் துண்டு துண்டாகச் செய்ய முடியுமா? சமையலறைக் குழாயும் குளியலறைக் குழாயும் ஒரே வால்வில் இருந்தால் எதைத் திருத்தினாலும் முழு வீட்டுக்கும் தண்ணீர் நிற்கும். முதல் நாளே ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு போட்டுவிட்டால் பிறகு தேவையான பக்கத்தை மட்டும் மூடலாம். மொத்தச் செலவில் இது சிறு தொகை.

3. சாமான் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் உடைக்க வேண்டும். உடைத்த பின் "இந்த அளவு எல்போ வவுனியாவிலதான் எடுக்கலாம்" என்று ஒருநாள் போவது எல்லோருக்கும் தெரிந்த கதை.

4. யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள்? தனியாக இருக்கும் பெண்ணுக்கோ படுக்கையில் இருப்பவருக்கோ முன்பின் தெரியாதவர் அறைக்குள் வருவது சின்ன விடயம் அல்ல. மறைவு வேண்டிய நேரத்தை முதலே சொல்லிவையுங்கள்.

5. நாள் கடந்தால் என்ன செய்வது? இதைத்தான் பெரும்பாலும் பேசாமல் விடுவார்கள்.

பேசியதை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். சண்டைக்குரிய கடிதமாக எழுத வேண்டியதில்லை. இப்படி எழுதலாம்:

"ஐயா, வணக்கம். நேற்றுப் பேசினபடி திங்கள் காலை 9 மணிக்கு வேலை தொடங்கும், புதன் பின்னேரம் முடியும் எண்டு விளங்கிக்கொண்டன். எனக்கு நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா கை கழுவிச் சுத்தம் செய்யவேண்டி இருக்கு, அதால பின்பக்க டெப் ஒண்டை எந்த நேரமும் வேலை செய்யிற மாதிரி வச்சுத் தாங்கோ. வாசல் சாய்வில மணல் போடாமல் பாக்கச் சொல்லுங்கோ. புதனுக்குள்ள முடியாட்டி நான் எங்க தங்குறது எண்டதையும் இப்பவே கதைப்பம். சரி எண்டால் ஒரு பதில் போடுங்கோ."

நோயின் முழு விபரத்தையும் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. என்ன தேவை, எத்தனை மணிக்கு ஒருமுறை தேவை என்பது போதும்.

அந்த நாட்களை ஓட்டுவது

தண்ணீர்க் கணக்கை முதலில் போடுங்கள். வாளியில் குளிக்க 20 முதல் 30 லீற்றர், தண்ணீர் ஊற்றும் கொமட்டுக்கு ஒரு தடவைக்கு மூன்று லீற்றரளவு, கை கழுவ, உடுப்பு அலச, சமைக்க, குடிக்க என்று சேர்த்தால் ஒருவருக்கு நாளுக்கு 60 முதல் 80 லீற்றர் எட்டும். 200 லீற்றர் பரல் ஒன்று ஒருவருக்கு இரண்டரை முதல் மூன்று நாளுக்குப் போதும். வீட்டில் நாலு பேர் என்றால் ஒரு நாளுக்கே பத்தாது.

பரல் இருந்தால் மட்டும் போதாது, அதிலிருந்து எடுக்கவும் முடிய வேண்டும். பத்து லீற்றர் வாளி பத்துக் கிலோ. நாற்காலியில் இருந்து குனிந்து பரலுக்குள் கோலி எடுக்க முடியாது, கவிழ்ந்து விழும் ஆபத்தும் உண்டு. பரலின் அடிப்பக்கம் டெப் பூட்டி, சீமெந்துக் கல் அடுக்கி உயர்த்தி வைத்தால், டெப் நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் வரும், மடிக்கு நேரே பாத்திரம் பிடிக்கலாம். நிரம்பிய பரல் 200 கிலோவுக்கு மேல். கல் அசையாமல் மட்டமாக இருக்க வேண்டும். கிணறு வற்றும் காலமென்றால் பவுசர் தண்ணீர் கேட்டு முதலே பிரதேச சபையில் சொல்லிவைக்க வேண்டும்.

மலசலகூடம் முற்றாக இல்லாத நாட்களுக்குக் கொமட் கதிரை வேண்டும். கீழே வாளி வைக்கும், கையைப் பிடித்து இருக்கக்கூடிய கதிரை. வாங்க வேண்டும் என்றில்லை. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேட்டுப் பார்க்கலாம். மாங்குளத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து நடத்தும் உயிரிழை அமைப்பிடம் கேட்டால், கதிரை கிடைக்காவிட்டாலும், இதே நிலைமையைக் கடந்து வந்தவர்களின் ஆலோசனை கிடைக்கும். உணர்ச்சி இல்லாதவர் கடினமான இருக்கையில் நெடுநேரம் இருக்கக் கூடாது, மெத்தை வைத்துக்கொள்ள வேண்டும். வாளியைக் கொண்டுபோய்க் கொட்டுவது யார், எங்கே என்பதையும் பேசிவிடுங்கள். அருவருப்பாக இருந்தாலும் பேச வேண்டியதுதான். பேசாமல் விட்டால் அது வீட்டில் உள்ள ஒரு பெண்ணின் தலையில் சத்தமில்லாமல் விழும்.

பாதைக்கு: கான் வெட்டினால் அன்று பின்னேரமே மூட வேண்டும், அல்லது மூன்று அடி அகலத்தில் வளையாத பலகை போட வேண்டும். நாற்காலியும் ஆளும் சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டும். மெல்லிய ஷீட் உடைந்துவிடும்.

வெளியே தங்கத்தான் வேண்டும் என்றால், போகுமுன் மூன்றை அளந்து பாருங்கள்: வாசல் கதவின் அகலம், குளியலறைக் கதவின் அகலம், கொமட்டின் பக்கத்தில் நாற்காலி நிற்கும் இடம். "எங்கட வீட்டில வசதி இருக்கு" என்று அன்போடு சொல்பவர்கள் கதவை அளந்திருக்கமாட்டார்கள்.

சக்கர நாற்காலி மட்டும் அல்ல

பார்வை இல்லாதவருக்கு வீடு மனத்துக்குள் இருக்கிறது. அவருக்குச் சொல்லாமல் வாளியை, ஏணியை, டைல் பெட்டியை வைத்தால் அது பொறி. ஒவ்வொரு நாளும் வேலை முடிய என்ன எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும், திறந்த குழியைச் சுற்றி உறுதியான தடுப்பு வேண்டும். செயற்கைக்கால் போடுபவருக்கும் ஊன்றுகோலில் நடப்பவருக்கும் ஈரத்தரையும் சீமெந்துச் சேறும்தான் எதிரி. காலின் மிஞ்சிய பகுதியை நாளும் கழுவிக் காயவிடாவிட்டால் புண் வந்து செயற்கைக்காலே போட முடியாமல் போகும். காது கேளாதவர் கதவு தட்டுவதை அறியமாட்டார், வருமுன் குறுஞ்செய்தி போட வேண்டும். கொங்கிறீற் உடைக்கும் சத்தம் சிலருக்குப் போர்க்காலத்தைக் கிளறிவிடும். எத்தனை மணிக்கு உடைப்பார்கள் என்று தெரிந்தால் அந்த நேரம் அவர் வேறெங்காவது போய் இருக்கலாம்.

செலவு யாருடையது?

பழுதைத் திருத்தும் செலவு வீட்டுக்காரருடையது, குடியிருப்பவர் உடைத்தால் ஒழிய. தற்காலிகத் தண்ணீர் ஏற்பாட்டையும் அவர்தான் பார்க்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. தண்ணீர் உள்ள வீட்டுக்குத்தான் வாடகை வாங்குகிறார். பாவிக்க முடியாத நாட்களின் வாடகையை அடுத்த மாதத்தில் கழிப்பது நியாயம், ஆனால் கேட்காமல் தானாகக் கழிக்காதீர்கள். வாடகை பாக்கி என்று அது உங்களுக்கு எதிராகவே திரும்பலாம். கொமட் கதிரை, மெத்தை போன்ற உடம்போடு சேர்ந்த பொருட்கள் குடியிருப்பவருடையவை. கைபிடி, உயரமான கொமட் போன்ற நிலையான மாற்றங்களைப் பாதிப் பாதியாகப் போடலாம், வீட்டை விட்டுப் போகும்போது கழற்ற வேண்டுமா விடலாமா என்பதை எழுதிக்கொண்டால் சரி.

உடைத்த தரையை மூடுமுன்

மேசனும் சீமெந்தும் டைலும் எப்படியும் வந்துவிட்டன. தரை திறந்து கிடக்கும் இந்த நாளில் மிகக் குறைந்த மேலதிகச் செலவில் செய்யக்கூடியவற்றை, மூடிய பிறகு செய்ய முழுச் செலவும் பிடிக்கும்.

1. குளியலறை வாசலில் உள்ள மேட்டை எடுத்துவிட்டு, தண்ணீர் வெளியே வராதபடி தரையை உள்பக்கம் சரிக்கலாம். 50க்கு 1 சரிவு போதும். அதற்கு மேல் சரிந்தால் நாற்காலி தானாக உருளும்.

2. கைபிடிக்கு இடம். ஓட்டைச் சீமெந்துக் கல்லில் வெறும் பிளக்கும் ஆணியும் ஆளின் பாரத்தைத் தாங்காது. டைல் ஒட்டுமுன் அந்தக் கல்லை உடைத்துக் கொங்கிறீற் நிரப்ப வேண்டும்.

3. கொமட் இருக்கை 18 அங்குல அளவு உயரம். அதன் ஒரு பக்கத்தில் நாற்காலி நிற்க மூன்று அடி இடம். கழிவுக் குழாயின் வாய் எங்கே வருகிறது என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. சீமெந்து போட்ட பின் மாற்ற முடியாது.

4. திருகும் டெப்புக்குப் பதில் நெம்பு டெப், இருந்தபடி எட்டும் உயரத்தில் கை ஷவர், வழுக்காத டைல்.

மூடுமுன் குடியிருப்பவரையே நாற்காலியோடு உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. எந்த அளவுகோலும் அதற்கு ஈடாகாது.

பேச்சு முறிந்தால்

முதலில் கிராம அலுவலரும் சமூக சேவை உத்தியோகத்தரும். அவர்களுக்குக் கட்டளையிடும் அதிகாரம் இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் மதிக்கும் ஆட்கள். அடுத்தது மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குவது, சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. பெரும்பாலும் வார இறுதியில் பள்ளிக்கூடங்களில் கூடும். படியேற முடியாதவர் கீழ்மாடி அறை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

திருத்தம் முடிந்தும் திரும்ப உள்ளே விடாமல் வீட்டைப் பூட்டிவைத்தால் அது வேறு கட்டம். மாதவாடகைக்கு இருப்பவரைக்கூட நீதிமன்றக் கட்டளை இல்லாமல் பலவந்தமாக வெளியேற்ற முடியாது. உடனே பொலிஸில் முறைப்பாடு பதிய வேண்டும். அமைதி குலையும் நிலைமை இருந்தால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் விடயம் நீதிமன்றத்துக்குப் போகும். அப்படி வழக்குத் தாக்கலாவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்பக் குடியமர்த்த நீதிமன்றம் கட்டளையிடலாம். இரண்டு மாதம் கடந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். வாடகை கொடுத்த பற்றுச்சீட்டு, மின்சாரப் பட்டியல், வேலை தொடங்குமுன் அனுப்பிய அந்த வாட்ஸ்அப் செய்தி, வீட்டுக்காரர் போட்ட பதில் எல்லாம் அங்கே சாட்சியாகும். அவற்றின் பிரதியை வேறொருவரின் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.